போலந்துக்காரங்களுக்கு ஈயூ பிடிக்குமா, பிடிக்காதா?

போலந்து பத்தி வர்ற ரெண்டு நியூஸைப் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்தா தலை சுத்தும். ஒரு பக்கம், ஐரோப்பிய யூனியனை, சுருக்கமா ஈயூவை, ரொம்ப விரும்பற நாடுகள்ல போலந்தும் ஒண்ணு, 2022 சர்வேல நூத்துக்கு 92 பேர் "உள்ளேயே இருக்கணும்"னு சொன்னாங்கன்னு வரும். இன்னொரு பக்கம், அதே ஜனங்க ஈயூ தலைமையகம் இருக்கற பிரஸ்ஸல்ஸோட எட்டு வருஷம் மல்லுக்கட்டின ஒரு கட்சியை ரெண்டு தடவை ஓட்டுப் போட்டு ஆட்சியில உக்கார வச்சிருக்காங்க, கோர்ட்டு சமாச்சாரத்துல ஒரு நாளைக்கு 10 லட்சம் யூரோன்னு அபராதம் வாங்கியிருக்காங்க, இன்னைக்கு வரைக்கும் கடையில சொந்தப் பணமான ஸ்வாட்டி நோட்டைத்தான் நீட்டறாங்க, யூரோவான்னு கேட்டா மூஞ்சி சுளிக்கறாங்க. இதுல எது நிஜம்?

ரெண்டுமே நிஜம்தான். நான் வேலைக்காகப் போலந்துல வ்ரோட்ஸ்வாஃப் ஊருக்கு வந்த புதுசுல இது எனக்கும் சுத்தமாப் புரியல, கொஞ்சம் கொஞ்சமாத்தான் பிடிபட்டுது. இந்த விஷயம் புதுசா இருக்கறவங்களுக்காக அடியில இருந்து சொல்லிப் பாக்கறேன்.

முதல்ல "ஐரோப்பிய ஒருங்கிணைப்பு"ன்னா என்ன? தனித்தனி நாடுங்க தங்களோட அதிகாரத்துல கொஞ்சத்தை எடுத்து ஒரு பொது இடத்துல வைக்கறது, அவ்வளவுதான். சுங்கவரி, விவசாய மானியம், யார் எங்க போய் வேலை பாக்கலாம், எந்த எல்லையில பாஸ்போர்ட் காட்டணும், கடைசியில யாரோட கோர்ட்டு பெரிய கோர்ட்டுங்கற வரைக்கும் ஒவ்வொண்ணா அந்தப் பொது இடத்துக்குப் போகும். எல்லாம் ஒரே நாள்ல போகாது, எல்லா நாடும் எல்லாத்தையும் குடுக்காது. அதனால இது ஆன் ஆஃப் ஸ்விட்ச் கிடையாது, ஃபேன் ரெகுலேட்டர் மாதிரி.

ஆனா சர்வே எடுக்கறவங்க பெரும்பாலும் ஸ்விட்ச் கேள்வியைத்தான் கேக்கறாங்க: உள்ள இருக்கணுமா வேணாமா? போலந்துல இதுக்குப் பதில் முப்பது வருஷமாவே "இருக்கணும்" பக்கம்தான். ரெகுலேட்டர் கேள்வி வேற: இப்ப இருக்கறதை விட இன்னும் எவ்வளவு அதிகாரத்தை மேல குடுக்கலாம்? இங்கதான் ஜனங்க இழுப்பாங்க, பேரம் பேசுவாங்க, கோவப்படுவாங்க. இதை ஆராயறவங்க கடும் எதிர்ப்பு, மிதமான எதிர்ப்புன்னு ரெண்டா பிரிச்சுச் சொல்றாங்க, முதல் வகைக்கு யூனியனே வேணாம், ரெண்டாவது வகைக்கு யூனியன் வேணும் ஆனா இது போதும். போலந்துல கூட்டம் அதிகமா இருக்கறது ரெண்டாவது வகையில. இதை மனசுல வச்சுக்கிட்டா மீதிக் கதை சுலபம்.

1989-ல இருந்து ஆரம்பிக்கலாம். அந்த வருஷம் ஜூன் 4 தேர்தல்ல சாலிடாரிட்டிங்கற தொழிலாளர் இயக்கம் ஜெயிச்சு கம்யூனிஸ்ட் ஆட்சி சரிஞ்சப்போ எல்லாரும் சொன்ன வார்த்தை "ஐரோப்பாவுக்குத் திரும்பறோம்". திரும்பறோம்ங்கற வார்த்தையைக் கவனிங்க. நாங்க எப்பவுமே ஐரோப்பாதான், நடுவுல 45 வருஷம் மாஸ்கோ எங்களைப் பிடிச்சு அந்தப் பக்கம் உக்கார வச்சிருந்துச்சுங்கற அர்த்தம் அதுக்குள்ள இருக்கு. 1994 ஏப்ரல்ல முறைப்படி மெம்பர்ஷிப்புக்கு அப்ளை பண்ணாங்க, சிபோஸ்னு இங்க ஒரு கருத்துக்கணிப்பு நிறுவனம் இருக்கு, அவங்க கணக்குல அந்த வருஷம் ஆதரவு 77%, 1996-ல 80%. அன்னைக்கு ஈயூன்னா என்னன்னு எத்தனை பேருக்குத் தெரிஞ்சிருக்கும்? தூரத்துப் பச்சை கண்ணுக்குக் குளிர்ச்சி. பணக்கார நாடு, நிறைஞ்ச கடை, நல்ல ரோடு, ரஷ்யா கை நீளாத இடம், இவ்வளவுதான் அப்போதைய ஈயூ.

1998 மார்ச்ல பேச்சுவார்த்தை ஆரம்பிச்சுது, பச்சை கிட்ட வந்தா முள்ளும் தெரியும்ல. நிச்சயம் பண்ணிட்டு கல்யாணத்தைப் பல வருஷம் இழுத்தடிச்சா ரெண்டு வீட்டுக்குள்ளயும் என்ன பேச்சு கிளம்புமோ அதெல்லாம் கிளம்புச்சு. ஈயூ தரப்புல, உங்க விவசாயிக்கு மானியம் உண்டு, ஆனா முதல் வருஷம் எங்க விவசாயி வாங்கறதுல கால்வாசிதான்னாங்க. எங்க நாட்டுல வேலைக்கு வரலாம், ஆனா ஏழு வருஷம் வரை நாங்க கதவைச் சாத்தி வச்சுக்கலாம்னாங்க, ஜெர்மனியும் ஆஸ்திரியாவும் அப்படியே 2011 வரை சாத்தியும் வச்சாங்க. இன்னொரு பக்கம் பால் கோட்டா, இரும்பாலை ஆள் குறைப்பு, மாட்டுத் தொழுவத்துக்குக் கூட விதிமுறைன்னு லிஸ்ட் நீண்டுக்கிட்டே போச்சு. 80-ல இருந்த ஆதரவு 1999 வாக்குல அம்பது சொச்சத்துக்கு இறங்கிடுச்சு.

அந்த நேரத்துப் பயங்கள்ல ஒண்ணை வெளியாள் புரிஞ்சுக்கறது கஷ்டம், அது நிலம் பத்தின பயம். நான் இருக்கற வ்ரோட்ஸ்வாஃப் 1945 வரைக்கும் ப்ரெஸ்லாவ்ங்கற ஜெர்மன் ஊரு. போர் முடிஞ்சதும் போலந்தோட வரைபடத்தையே மேற்கால தள்ளி வச்சாங்க, இங்க இருந்த ஜெர்மன்காரங்களை அனுப்பிட்டு கிழக்குல வீடு வாசல் இழந்த போலந்துக்காரங்களை இங்க குடியேத்துனாங்க. பழைய பில்டிங்கைச் சொரண்டினா இன்னைக்கும் சுவத்துல ஜெர்மன் எழுத்து தெரியும். அப்படிப்பட்ட வீட்டுல ரெண்டு தலைமுறையா இருக்கறவங்ககிட்ட போய், இனிமே யார் வேணா எங்க வேணா நிலம் வாங்கலாம்னு சொன்னா எப்படி இருக்கும்? ஜெர்மன்காரன் கைநிறைய மார்க்கோட திரும்பி வந்துடுவான்னு ஜனங்க நிஜமாவே பயந்தாங்க. அதனாலதான் போலந்து பேச்சுவார்த்தையில மல்லுக்கு நின்னு, விவசாய நிலத்தை வெளிநாட்டுக்காரங்க சுதந்திரமா வாங்கறதுக்கு 12 வருஷத் தடை வாங்குச்சு.

இந்தக் கோவத்தை அறுவடை பண்ணவர் அந்த்ஜெய் லெப்பர். 1999-ல விவசாயிகளைக் கூட்டிக்கிட்டு ரோட்டை மறிச்சே நாடு முழுக்கப் பேர் வாங்கினவர், 2001 தேர்தல்ல அவரோட சமோஆப்ரோனா கட்சிக்கு 10% ஓட்டு, மூணாவது இடம். ஈயூவே வேணாம்னு சொன்ன போலந்துக் குடும்பங்களின் லீக் கட்சியும் கிட்டத்தட்ட 8% வாங்குச்சு. தோருன் ஊர்ல இருந்து ஒலிபரப்பாகற கத்தோலிக்க ரேடியோ மரியா, பிரஸ்ஸல்ஸ்னாலே சந்தேகத்தோட பாக்கற பெரியவங்க கூட்டத்துக்கு வீட்டு ரேடியோ மாதிரி. கத்தோலிக்க நாட்டுல இது சின்ன விஷயம் இல்ல.

ஆனா அதே கத்தோலிக்க நாட்டுல அந்த ரேடியோவை விடப் பெரிய குரல் ஒண்ணு இருந்துச்சு, போப் ரெண்டாம் ஜான் பால். வாக்கெடுப்புக்கு மூணு வாரம் முன்னாடி, 2003 மே 19, வத்திக்கானுக்கு வந்த போலந்து யாத்ரீகர்கள்கிட்ட "லூப்ளின் யூனியன்ல இருந்து ஐரோப்பிய யூனியன் வரைக்கும்"னு அவர் சொன்ன அந்த ஒரு வரி பிரச்சாரத்துக்கே மகுடம் வச்ச மாதிரி ஆயிடுச்சு. லூப்ளின் யூனியன்ங்கறது 1569-ல போலந்தும் லிதுவேனியாவும் ஒண்ணா சேந்த ஒப்பந்தம், இங்க ஸ்கூல் பசங்க எல்லாருக்கும் தெரியும். பல நாடு சேந்து வாழறது நமக்குப் புதுசா என்னன்னு ஒரே வரியில சொல்லிட்டார். இதுக்கு மேல சாமியார்ங்க எதிர்த்துப் பேச வழி ஏது.

2003 ஜூன் 7, 8 ரெண்டு நாள் ஓட்டெடுப்பு. ஏன் ரெண்டு நாள்னா, பாதிப் பேருக்கு மேல ஓட்டுப் போட்டாத்தான் முடிவு செல்லும், முதல் நாள் சாயங்காலம் பாத்தா 17 சொச்சம் சதவீதம்தான் வந்திருந்தாங்க, கவர்ன்மென்ட்டுக்கு வயித்துல புளியக் கரைச்சுது. மறுநாள் ஞாயித்துக்கிழமை, சர்ச்சு முடிஞ்சு ஜனங்க போய் மொத்தம் 58.85% ஆச்சு. ஆம் சொன்னவங்க 77.45%. கிழக்குல லூப்ளின் மாகாணத்துல ஆதரவு ரொம்பக் குறைவு, அங்கயும் பாதியைத் தாண்டிடுச்சு. 2004 மே 1, போலந்து உள்ள வந்தாச்சு. வர்றதுக்கு முன்னாடி விலை ஏறிடும்னு ஜனங்க சர்க்கரையை மூட்டை மூட்டையா வாங்கிப் பதுக்குனாங்களாம், எங்க ஆபீஸ்ல வயசானவங்க இன்னும் அதைச் சொல்லிச் சிரிப்பாங்க.

இனிமேதான் சுவாரசியம். அதிகமா எதிர்த்த விவசாயிங்கதான் சீக்கிரமா மனசு மாறுனாங்க. 2004-லயே சுமார் 14 லட்சம் விவசாயிங்க மானியத்துக்கு ஃபார்ம் போட்டாங்க, அந்த வருஷம் அக்டோபர்ல பேங்க் அக்கவுன்ட்டுல பணம் விழ ஆரம்பிச்சுது. எனக்குத் தெரிஞ்ச ஒருத்தரோட அப்பா கிழக்குப் பக்கம் பத்து ஹெக்டேருக்கும் குறைவா வச்சிருக்கற சின்ன விவசாயி, 2003-ல வேணாம்னு ஓட்டுப் போட்டவர், இப்ப வருஷா வருஷம் வசந்த காலம் வந்தா பையனுக்குப் போன் போட்டு கம்ப்யூட்டர்ல வயல் மேப்பைத் திறக்கச் சொல்வார், எந்த வயல்ல கோதுமை எந்த வயல்ல தரிசுன்னு கோடு போட்டு நிரப்பி அனுப்பணும். பிரஸ்ஸல்ஸைத் திட்டறதை அவர் நிறுத்தவே இல்ல, ஃபார்ம் தேதியைத் தவற விட்டதும் இல்ல. இங்க கிராமத்துப் பக்கம் பஸ்ல போனீங்கன்னா புது ரோடு, தீயணைப்பு வண்டி ஷெட், பள்ளிக்கூட ஜன்னல், எங்க பாத்தாலும் ஒரு நீலப் போர்டு, பன்னெண்டு மஞ்சள் நட்சத்திரம், இது ஈயூ காசுல கட்டினதுன்னு. கொஞ்ச நாள்ல அந்தப் போர்டு கண்ணுக்கே தெரியாது, மரம் மாதிரி ஆயிடும், இதைப் பின்னாடி சொல்றேன்.

இன்னொரு சின்ன உதாரணம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். மலைப் பக்கம் தாத்ரா பகுதியில செம்மறி ஆட்டுப்பால்ல ஒஸ்சிப்பெக்னு ஒரு புகை போட்ட சீஸ் பண்ணுவாங்க, நடுவுல தடிச்சு ரெண்டு முனையும் கூரா நூல் கதிர் மாதிரி, மேல கோலம் போட்ட மாதிரி அச்சு இருக்கும். குடிசையில மர அச்சுல பண்றது, ஈயூ சுகாதார விதி வந்தா இதைத் தடை பண்ணிடுவான்னு அப்ப ஒரே புலம்பல். நடந்தது என்னன்னா 2008-ல ஈயூவே அதுக்குப் புவிசார் பாதுகாப்பு குடுத்துடுச்சு, அந்தப் பகுதியில அந்த முறையில பண்ணாத சீஸை ஒஸ்சிப்பெக்னு விக்கவே கூடாது.

காசு கணக்கையும் ஒரே மூச்சுல சொல்லிடறேன்: சேர்றப்போ வேலையில்லாதவங்க கிட்டத்தட்ட 20%, தலைக்கு வருமானம் விலைவாசியைச் சரிக்கட்டிப் பாத்தா ஈயூ சராசரில பாதி, இருபது வருஷத்துல அது முக்காலைத் தாண்டிடுச்சு, கட்டின காசைக் கழிச்சுப் பாத்தாலும் 150 பில்லியன் யூரோவுக்கு மேல உள்ள வந்திருக்கு. பிரிட்டன், அயர்லாந்து, ஸ்வீடன் மூணும் முதல் நாள்லயே வேலைக்குக் கதவைத் திறந்ததால லட்சக்கணக்குல ஆளுங்க பஸ் ஏறினாங்க, பிரிட்டன்ல மட்டும் ஒரு கட்டத்துல பத்து லட்சத்தைத் தொடற அளவுக்குப் போலந்துக்காரங்க. அது நல்லதா கெட்டதான்னு இங்க குடும்பத்துக்குக் குடும்பம் பதில் மாறும், அனுப்பின காசுல வீடு கட்டினவங்களும் உண்டு, பாட்டிகிட்ட குழந்தையை விட்டுட்டுப் போனவங்களும் உண்டு.

இவ்வளவு ஆதரவு இருக்கே, அப்ப ஈயூ அரசியல்ல ஆர்வமும் இருக்கும்னு நினைச்சா அதுதான் இல்ல. சேந்து ஆறு வாரத்துல நடந்த ஐரோப்பிய பார்லிமென்ட் தேர்தல்ல ஓட்டுப் போட்டவங்க 20.87%. 2014 வரைக்கும் இருபத்தஞ்சைத் தாண்டல. ஈயூ வேணும், ஆனா அது என்ன பண்ணுதுன்னு எங்களைக் கேக்காதே. பிடிச்சிருக்குங்கறது வேற, கவனிக்கறாங்கங்கறது வேற.

யூரோ விஷயத்துக்கு வர்றேன். சட்டப்படி பாத்தா போலந்து என்னைக்காவது யூரோவுக்கு மாறியே ஆகணும், சேரும்போது கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்துல இருக்கு, தேதிதான் இல்ல. 2008-ல பிரதமரா இருந்த டொனால்ட் டுஸ்க் 2011-ல மாறிடலாம்னு இலக்கு வச்சார். அதுக்குள்ள உலக நிதி நெருக்கடி வந்துச்சு, கிரீஸ் விழுந்துச்சு, ஸ்வாட்டி மதிப்பு இறங்குனதால போலந்து ஏற்றுமதி தப்பிச்சுது, 2009-ல ஈயூ நாடுகள்லயே சுருங்காம வளந்த ஒரே பொருளாதாரம் போலந்துதான். அன்னைல இருந்து ஜனங்க மனசுல சொந்த நோட்டுதான் காப்பாத்துச்சுன்னு பதிஞ்சு போச்சு, பெரும்பான்மை யூரோ வேணாம் பக்கம் போய் அங்கயே நிக்குது, ஈயூவை ஆதரிக்கற டுஸ்க்கும் இப்ப அதைப் பத்திப் பேச அவசரப்படறதில்ல. ரெகுலேட்டரை இதுக்கு மேல திருப்பாதேன்னு சொல்றது இதுதான்.

2015-ல அகதிகள் விவகாரம் வெடிச்சப்போ இது இன்னும் பச்சையாத் தெரிஞ்சுது. அந்த வருஷ வசந்தத்துல போர்ல இருந்து ஓடி வர்றவங்களை ஏத்துக்கலாம்னு சொன்னவங்கதான் அதிகம். அப்புறம் பிரஸ்ஸல்ஸ் ஒவ்வொரு நாட்டுக்கும் இத்தனை பேர்னு பங்கு பிரிச்சுது, தேர்தல் வேற வந்துச்சு, ஒரு வருஷத்துக்குள்ள பெரும்பான்மை வேணாம் பக்கம் திரும்பிடுச்சு. மதம், பயம், டிவி எல்லாத்துக்கும் இதுல பங்கு இருக்கு, மறைக்க வேணாம். ஆனா "நீ இவ்வளவு பேரை எடுத்துக்கோ"ன்னு வெளிய இருந்து ஆர்டர் வந்ததும் இங்க வேற ஒரு நரம்பைத் தொட்டுது. 1795-ல இருந்து 1918 வரைக்கும் மூணு பேரரசு பங்கு போட்டு வரைபடத்துலயே இல்லாமப் போன நாடு இது, அப்புறம் நாஜி, அப்புறம் சோவியத். வெளியூர்ல இருந்து உத்தரவுன்னா உடனே ரத்தம் சூடாகும்.

ஆரம்பத்துல சொன்ன அந்தக் கட்சி, அக்டோபர் 2015-ல ஜெயிச்ச பிஸ், சட்டமும் நீதியும்னு அர்த்தம், இந்த நரம்பை நல்லாப் பிடிச்சு வச்சுக்கிச்சு. புதுப் பிரதமர் பேயாத்தா ஷிட்வோ பிரஸ் மீட் ரூம்ல இருந்து ஈயூ கொடியை எடுத்துட்டு போலந்து கொடியை மட்டும் நிக்க வச்சாங்க. 2017 மார்ச்ல டுஸ்க்கை, ஈயூ நாட்டுத் தலைவர்கள் கூடற ஐரோப்பிய கவுன்சிலுக்குத் தலைவரா மறுபடி தேர்ந்தெடுத்தப்போ 27 நாடு ஆதரவு, எதிர்த்த ஒரே நாடு எது? அவரோட சொந்த நாடு. அப்போதைய ஜனாதிபதி அந்த்ஜெய் டுடா 2018-ல ஒரு கூட்டத்துல ஈயூவைக் கற்பனைச் சமூகம்னு சொன்னார். நீதிபதி நியமனத்துல அரசு கை வச்சதால சண்டை கோர்ட்டுக்குப் போய், 2021 அக்டோபர் 7-ல போலந்தோட அரசியல் சாசன தீர்ப்பாயம் ஈயூ ஒப்பந்தத்துல சில பகுதி எங்க சாசனத்துக்கு ஒத்து வராதுன்னு சொல்லிடுச்சு. மூணே நாள்ல, ஞாயித்துக்கிழமை, தலைநகர் வார்சாவுலயும் இன்னும் நூறு இடத்துக்கு மேலயும் ஜனங்க நீலக் கொடியைத் தூக்கிட்டு வீதிக்கு வந்து "நாங்க இங்கதான் இருக்கோம்"னு கத்துனாங்க. போலந்து ஈயூவை விட்டு வெளிய போறதைச் சொல்ற போல்எக்ஸிட்ங்கற வார்த்தை வீட்டுக்கு வீடு பேச்சாச்சு.

இங்க ஒண்ணு தவறவிடக் கூடாது. பிஸ் ஒரு நாளும் வெளிய போலாம்னு சொன்னதில்ல. 2003-ல ஆம்னுதான் சொன்னாங்க, ஈயூ அதிகாரத்தைக் கூட்டின லிஸ்பன் ஒப்பந்தத்துல 2009-ல கையெழுத்துப் போட்டதே அவங்க ஆள் ஜனாதிபதி லேக் காச்சின்ஸ்கிதான். அவங்களுக்கு ஓட்டுப் போடறவங்கள்லயும் பாதிக்கு மேல உள்ள இருக்கணும்னு சொல்றவங்க. அவங்க சண்டை ரெகுலேட்டர்ல, ஸ்விட்ச்சுல இல்ல. ஆனா வருஷக்கணக்கா தினமும் ரெகுலேட்டர்ல சண்டை போட்டா, ஸ்விட்ச்சை அணைச்சாத்தான் என்னன்னு ஒரு கூட்டம் தானா உருவாகும், அது அவங்க கணக்குல இல்லைன்னு நினைக்கறேன்.

2022 பிப்ரவரில ரஷ்யா உக்ரைனுக்குள்ள நுழைஞ்சுது, முதல்ல சொன்ன 92% அந்த நேரத்து நம்பர். அதுல ஈயூ பாசம் எவ்வளவு, புட்டின் பயம் எவ்வளவுன்னு பிரிச்சுச் சொல்ல முடியாது. ரெண்டே வருஷத்துல அது 80-க்குக் கீழ வந்துடுச்சு. உக்ரைன் தானியத்துக்கு ஈயூ வரியை எடுத்ததும் லாரி லாரியா வந்து போலந்துல விலை விழுந்துச்சு, 2024 ஆரம்பத்துல விவசாயிங்க டிராக்டரை நிறுத்தி உக்ரைன் எல்லையை மறிச்சாங்க, ஈயூவோட பசுமைத் திட்டத்துக்கு எதிரா வார்சாவுல ஊர்வலம் போனாங்க. நிலக்கரில வீட்டைச் சூடாக்கற ஜனங்களுக்கு கார்பன் கட்டணம்னா காலநிலை இல்ல, மாச பட்ஜெட்.

இளைஞர்கள் பக்கம்தான் எனக்கு ஆச்சரியம். எராஸ்மஸ்னு ஈயூ நடத்தற மாணவர் பரிமாற்றத் திட்டத்துல வெளிநாட்டுல படிச்சு பாஸ்போர்ட் இல்லாம ஊர் சுத்தற தலைமுறை, கண்டிப்பா ஈயூ பக்கம் இருப்பாங்கன்னு நினைப்போம். 2025 ஜனாதிபதி தேர்தல் முதல் சுத்துல முப்பது வயசுக்குக் கீழ இருக்கறவங்ககிட்ட முதல் இடம் கான்ஃபெடரேஷன் கட்சியோட ஸ்வாவோமிர் மென்ட்ஸனுக்கு, பிரஸ்ஸல்ஸைக் கடுமையா விமர்சிக்கறவர். நீலப் போர்டு மரம் மாதிரி ஆயிடும்னு சொன்னேன்ல, அதான். 2004-க்கு அப்புறம் பொறந்த பையனுக்கு எல்லையில மணிக்கணக்கா வரிசையில நின்ன ஞாபகம் கிடையாது, அவனுக்கு ஈயூன்னா விதிமுறை போடற ஒரு ஆபீஸ். கடைசிச் சுத்துல பிஸ் ஆதரிச்ச கரோல் நவ்ரோட்ஸ்கி 50.89% வாங்கி ஈயூ ஆதரவாளர் ராஃபாவ் த்ஷஸ்கோவ்ஸ்கியை முந்துனார், கிட்டத்தட்ட பாதிக்குப் பாதி.

ஜெர்மன் எல்லையில ஸ்கொர்ஜெலெட்ஸ்னு ஒரு ஊர், நடுவுல நிய்ஸா ஆறு, அந்தப் பக்கம் கொர்லிட்ஸ், 1945-க்கு முன்னாடி ரெண்டும் ஒரே ஊர். பழைய பாலத்தைப் பின்வாங்கின ஜெர்மன் படை 1945 மே மாசம் வெடி வச்சுத் தகர்த்துச்சு, அப்புறம் அதை மறுபடி கட்டித் திறந்தது 2004-ல. 2007 டிசம்பர் 21-ல, எல்லையில பாஸ்போர்ட் பாக்காத ஷெங்கன் நாடுகள்ல போலந்து சேந்ததும் காவலும் போச்சு. வார லீவுல நான் அங்க நடந்திருக்கேன், பாதிப் பாலத்துல போன் நெட்வொர்க் மாறும், வேற எதுவும் மாறாது, ஐஸ்க்ரீமை இந்தக் கரையில வாங்கி அந்தக் கரையில முடிச்சேன். போலந்துக்காரங்ககிட்ட ஈயூல என்ன பிடிச்சிருக்குன்னு கேட்டா இதைத்தான் முதல்ல சொல்வாங்க, சும்மா நடந்து போகலாம். 2025 கோடையில ஜெர்மனி அகதிகளை நம்ம பக்கம் தள்ளி விடுதுன்னு பேச்சு பரவி, சில பேர் தாங்களே எல்லையில போய் காவல் நின்னாங்க, ஜூலை 7-ல இருந்து, 2023 கடைசியில மறுபடி பிரதமரா வந்த டுஸ்க்கோட அரசு ஜெர்மனி, லிதுவேனியா எல்லையில செக்கிங்கைத் திரும்பக் கொண்டு வந்துச்சு. அதை நல்ல முடிவுன்னு என்கிட்ட சொன்ன ஆபீஸ் தோழி, வாரா வாரம் கொர்லிட்ஸ் பக்கம் போய் ட்ரெஸ் வாங்கறவங்க. இப்ப க்யூல நிக்கணுமேன்னு அடுத்த வாக்கியத்துலயே சலிச்சுக்கிட்டாங்க.